அணை நீரில் இழு தூண்டில்: சிறு விவசாயி எங்கே தொடங்க வேண்டும்?

ஓசூரிலும் அதைச் சுற்றியும் தொழிற்சாலைகள் பெருகிய பிறகு, கெலவரப்பள்ளி அணைக்கும் கிருஷ்ணகிரி அணைக்கும் விடுமுறை நாட்களில் வருவோர் கூட்டமும் பெருகியிருக்கிறது. வருபவர்களில் சிலர் கையில் உருளை பொருத்திய தூண்டில் கோல் இருக்கிறது. கரையில் நின்று வீசிப் பார்த்தவர்கள், படகு ஒன்று கிடைத்தால் நடு நீருக்குப் போகலாமே என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்வி அணைக்கரைக் கிராமத்து இளைஞர் காதில் விழுகிறது. தொழிற்சாலையில் ஒப்பந்த வேலை எப்போது இருக்கும், எப்போது போகும் என்று தெரியாத நிலையில், "ஒரு படகு வாங்கிப் போட்டால் என்னப்பா? மீனும் பிடிக்கலாம், வருகிறவர்களை ஏற்றிக்கொண்டும் போகலாம்" என்று தகப்பனிடம் கேட்கத் தோன்றுவது இயல்பே.

தகப்பனுக்கு இருப்பதோ ஒன்றரை ஏக்கர். அதில் ஒரு பகுதி அணைப் பாசனம், மீதி மானாவாரி. படகுக்குப் பணம் வேண்டுமென்றால் நகையை வைக்க வேண்டும், அல்லது சங்கத்தில் கடன் வாங்க வேண்டும். ஆகவே இது பொழுதுபோக்குப் பற்றிய கேள்வி அன்று. ஒரு குடும்பத்தின் ஆண்டு வருமானத்தைப் பணயம் வைக்கும் கேள்வி. ஆழம் தெரியாமல் காலை விடக்கூடாது என்ற பழமொழி இங்கே சொல்லுக்குச் சொல் பொருந்தும்.

இழு தூண்டில் என்றால் என்ன?

ஆங்கிலத்தில் ட்ரோலிங் என்று சொல்லப்படும் இம்முறையையும், கடலில் விசைப்படகுகள் மடியை இழுத்துச் செல்லும் ட்ராலிங் முறையையும் பலர் ஒன்றாக எண்ணிக் குழம்புகிறார்கள். இரண்டும் வேறு வேறு. ட்ராலிங் என்பது இழுவலை. ட்ரோலிங் என்பது, மெதுவாகச் செல்லும் படகின் பின்னால் ஒன்றிரண்டு தூண்டில் கயிறுகளை விட்டு, முள்ளில் உயிர் இரையையோ மீன் போல நெளியும் பொய் இரையையோ மாட்டி, நீருக்குள் இழுத்துக்கொண்டு போவது. ஓடும் இரையைக் கண்டு துரத்தும் மீன் அதைக் கவ்வி மாட்டிக்கொள்கிறது. இதனைத் தமிழில் இழு தூண்டில் எனலாம்.

இம்முறையில் மூன்று செய்திகள் முக்கியம். முதலாவது வேகம். நன்னீரில் பெரும்பாலும் மணிக்கு 3 முதல் 5 கிலோமீட்டர் வரை, அதாவது ஓர் ஆள் நடக்கும் வேகம் போதும். இரண்டாவது ஆழம். கயிறு எத்தனை மீட்டர் பின்னால் விடப்பட்டுள்ளது, ஈயக் குண்டின் எடை என்ன, படகின் வேகம் என்ன என்ற மூன்றையும் பொறுத்து இரை மேலே மிதக்கும் அல்லது கீழே இறங்கும். வேகம் குறைந்தால் இரை தாழும், கூடினால் எழும். மூன்றாவது நேர்கோடு. படகு ஓரளவு நேராகச் சென்றால்தான் கயிறுகள் ஒன்றோடொன்று சிக்காமல் இருக்கும்.

இந்த மூன்றாவது செய்தியே நம் பகுதிக்கு முதல் தடை. இங்குள்ள அணைகளிலும் ஆற்றிலும் பழக்கத்தில் இருப்பது பரிசல். மூங்கில் பிளாச்சுகளால் பின்னி, அடியில் முன்பு தோலும் இப்போது பிளாஸ்டிக் தாளும் தாரும் இட்டுச் செய்யப்படும் பரிசல், வலை விடுவதற்கு ஈடு இணையற்ற கலம். விலை குறைவு, தலையில் சுமந்து செல்லலாம், பாறை மீதும் உரசிக்கொண்டு போகும். ஆனால் அடி வட்டமாகவும் தட்டையாகவும் இருப்பதால் ஒவ்வொரு துடுப்புக்கும் அது சுழலும். சீரான வேகமும் நேர்கோடும் அதனிடம் எதிர்பார்க்க முடியாது. எனவே இழு தூண்டில் என்றால் பரிசலை விட்டுவிட்டு வேறு படகு வாங்கியாக வேண்டும். செலவு அங்கேதான் தொடங்குகிறது.

கட்லா துரத்தாது

இரண்டாவது தடை படகில் இல்லை, மீனில் இருக்கிறது. இழு தூண்டிலில் மாட்டுவது வேட்டை மீன் மட்டுமே. நமது அணைகளில் இருப்பு விடப்படும் மீன்கள் எவை? கட்லா மேல்மட்ட நீரில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களை வடிகட்டித் தின்கிறது. ரோகு நடுமட்டத்தில் பாசி, தாவரப் பொருட்களை மேய்கிறது. மிர்கால் அடிமட்டத்தில் மட்கிய பொருட்களைத் தின்கிறது. தானே பெருகி நிறைந்துவிட்ட ஜிலேபியும் பெரும்பாலும் பாசியைத் தின்னும் மீன்தான். இவை நான்கும் பளபளக்கும் தகட்டைத் துரத்திக்கொண்டு ஓடும் இனங்கள் அல்ல. கரையில் உட்கார்ந்து மாவு உருண்டை போட்டால் ரோகும் ஜிலேபியும் கடிக்கும். ஓடும் படகுக்குப் பின்னால் வராது.

வேட்டை மீன்கள் இல்லாமல் இல்லை. வாளையும் விராலும் உண்டு. ஆனால் விரால் திறந்த நடுநீரில் உலவும் மீன் அன்று. செடி கொடி மண்டிய ஓரங்களில் பதுங்கி, பாய்ந்து பிடிப்பது அதன் குணம். அங்கே படகை ஓட்டினால் முள் செடியில்தான் மாட்டும். விராலுக்குக் கரையிலிருந்து வீசும் தூண்டிலே ஏற்றது. வாளை, ஆற்றின் பழைய ஓடுபாதை இருந்த ஆழமான பகுதியில் நடமாடும். இழு தூண்டிலுக்கு உண்மையில் ஏற்ற மீன் அது ஒன்றுதான் என்று சொல்லலாம். ஓர் அணையில் வேட்டை மீன்களின் எண்ணிக்கை எப்போதும் அவற்றுக்கு இரையாகும் மீன்களைவிட மிகக் குறைவாகவே இருக்கும். புலியும் மானும் ஒரே எண்ணிக்கையில் இருக்கும் காடு எங்கும் இல்லை.

ஆக, அணையில் மீன் நிறைய இருக்கிறது என்பது உண்மையானாலும், இழு தூண்டிலுக்கு மீன் நிறைய இருக்கிறது என்பது அதிலிருந்து பெறப்படாது.

மேல்நாட்டில் நடந்தது என்ன?

"அமெரிக்காவில் ஏரிக்கரைக் கிராமங்கள் இதைக் கொண்டே பிழைக்கின்றனவே" என்று கேட்கலாம். நடந்ததை முழுமையாக அறிந்துகொள்வது நல்லது. வட அமெரிக்காவின் மிச்சிகன் ஏரியில் ஒரு காலத்தில் வேட்டை மீன்கள் அழிந்து, கடலிலிருந்து வந்து சேர்ந்த ஏல்வைஃப் என்னும் சிறு மீன் அளவுக்கு மீறிப் பெருகிவிட்டது. அதைத் தின்பதற்காக 1966-ல் அந்த மாநில அரசு கோஹோ சால்மன் என்னும் வேட்டை மீனின் குஞ்சுகளை அங்கே இருப்பு விட்டது. அடுத்த ஆண்டே அவை பெருத்து வளர்ந்தன. மக்கள் படகுகளோடு குவிந்தனர். அதன் பிறகே ஆட்களை ஏற்றிச் சென்று இழு தூண்டில் போடும் தொழில் அங்கே வளர்ந்தது. அதாவது முதலில் இரை மீன், அடுத்து அரசு விட்ட வேட்டை மீன், அதற்குப் பின் படகு. படகை முதலில் வாங்கிவிட்டு மீனுக்குக் காத்திருந்தவர்கள் அங்கே இல்லை.

அதே கதையில் இன்னொரு பாடமும் உண்டு. 1967 செப்டம்பர் 23 அன்று, காற்று எச்சரிக்கையைப் பொருட்படுத்தாமல் சிறு படகுகளில் மீனுக்குப் போனவர்கள் புயலில் சிக்கினர். ஏழு பேர் உயிரிழந்தனர். மீன் ஆசை கண்ணை மறைத்தால் என்ன ஆகும் என்பதற்கு அது சான்று.

நம் அண்டையிலும் ஒரு பாடம் இருக்கிறது. காவிரியில் மகசீர் என்னும் பெரிய கெண்டையைத் தூண்டிலில் பிடிப்பது வெள்ளையர் காலம் முதலே புகழ் பெற்ற விளையாட்டு. சென்னை மாகாணத்தில் அதிகாரியாக இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873-லேயே இந்தியத் தூண்டில் மீன்பிடிப்பைப் பற்றி ஒரு நூல் எழுதினார். பின்னாளில் கர்நாடகத்தில் பீமேஸ்வரி போன்ற இடங்களில் முகாம்கள் அமைந்தன. பிடித்த மீனை எடை பார்த்து மீண்டும் ஆற்றில் விட்டுவிடும் முறையில் வெளிநாட்டார் வந்து போயினர். கரையோர மக்கள் சிலருக்கு வழிகாட்டி வேலையும் கிடைத்தது. ஆனால் அந்தப் பகுதி வனவிலங்குச் சரணாலயம். வனவிலங்குச் சட்டத்தின்படி சரணாலயத்துக்குள் தூண்டில் விளையாட்டு பின்னர் நிறுத்தப்பட்டது. அந்த வேலைகளும் நின்றன. காவிரியின் திமில் மகசீர் இனம் மிகவும் அருகிவிட்ட உயிரினம் என்று 2018-ல் உலகப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. தமிழ்நாட்டுப் பக்கத்தில் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டக் காடுகளைச் சேர்த்துக் காவிரி தெற்கு வனவிலங்குச் சரணாலயம் 2022-ல் அறிவிக்கப்பட்டது. ஆகவே, "அணையில் மீன் இல்லாவிட்டால் காவிரிக்குப் போகலாம்" என்று எவரேனும் சொன்னால், அது வழக்கில் கொண்டுபோய் விடும் யோசனை என்று அறிதல் வேண்டும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம்

விளைச்சலை நினைத்து ஆசைப்படும் முன் செலவைக் கணக்கிடுவது விவசாயிக்குப் புதிதல்ல. கீழ்க்காணும் தொகைகள் கணக்குப் போடும் முறையைக் காட்டுவதற்காக மட்டுமே. அவரவர் தம் ஊர் விலையை இட்டுக்கொள்ள வேண்டும்.

படகு, சிறு இயந்திரம், தூண்டில் கருவிகள் எல்லாம் சேர்த்து ரூ. 60,000 கடன் என்று கொள்வோம். மூன்று ஆண்டில் அடைப்பதானால் முதல் ஆண்டு அசல் ரூ. 20,000. வட்டி 12 சதவீதம் என்றால் ரூ. 7,200. ஆண்டுக்கு 100 நாள் தொழில் செய்வதாகவும் நாளொன்றுக்கு எரிபொருள் ரூ. 200 என்றும் கொண்டால் ரூ. 20,000. ஓர் ஆள் கூலி நாளுக்கு ரூ. 500 வீதம் ரூ. 50,000. தம் சொந்த உழைப்பானாலும் இதைக் கணக்கில் சேர்க்கத்தான் வேண்டும்; அந்த நாட்களில் வேறு வேலைக்குப் போயிருந்தால் அது கையில் கிடைத்திருக்கும். மொத்தம் ரூ. 97,200. நாளொன்றுக்கு ரூ. 972. மீன் கிலோ ரூ. 150-க்கு விற்றால், நட்டமில்லாமல் இருக்க மட்டும் நாள்தோறும் ஆறரை கிலோ மீன் வேண்டும். அதுவும் கட்லாவோ ஜிலேபியோ அல்ல, தூண்டிலைத் துரத்தும் வேட்டை மீன். நூறு நாளும் தவறாமல். இது நடக்குமா என்று அணையில் வலை விடும் எந்த மீனவரைக் கேட்டாலும் சிரிப்பார்.

வருகிறவர்களை ஏற்றிச் சென்றால் அந்த வருமானம் சேருமே என்பது அடுத்த வாதம். அதற்கு அணையைப் பராமரிக்கும் நீர்வளத்துறையின் அனுமதி வேண்டும். மீன்பிடி உரிமை பெற்றிருப்பவரின் இசைவு வேண்டும். பயணிகளுக்குக் காப்பீடும் உயிர்காப்பு அங்கியும் வேண்டும். இவை எதுவும் இல்லாமல் ஒருவர் நீரில் விழுந்து உயிர் போனால், ஒன்றரை ஏக்கரும் அதற்கு ஈடாகாது.

அணை நீர் எப்படிப்பட்டது?

தென்பெண்ணை நந்தி மலையில் பிறந்து, பெங்களூரின் ஓரமாக வந்து, ஓசூர் அருகே தமிழகத்தில் நுழைகிறது. முதலில் கெலவரப்பள்ளி அணை. முழுக் கொள்ளளவு 44.28 அடி. அடுத்து கிருஷ்ணகிரி அணை. முழு உயரம் 52 அடி. காமராஜர் முதலமைச்சராக இருந்த காலத்தில், 1950-களின் இறுதியில் கட்டி முடிக்கப்பட்ட இந்த அணை சுமார் 9,000 ஏக்கருக்குப் பாசனம் அளிக்கிறது. பாசனத்துக்குத் திறக்கும்போதும் கோடையிலும் நீர்மட்டம் வெகுவாக இறங்கும். 2017 நவம்பரில் ஒரு மதகுக் கதவு உடைந்து தேக்கிய நீர் வெளியேறியதை இப்பகுதி விவசாயிகள் மறந்திருக்க மாட்டார்கள். நீர் குறைந்தால் மீன் ஒரே குட்டையில் ஒடுங்கும். நீர் பெருகினால் பரந்து போகும். படகுத் தொழில் இந்த ஏற்ற இறக்கத்துக்குக் கட்டுப்பட்டது.

இதைவிடப் பெரிய கேள்வி நீரின் தரம். பெங்களூரின் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் கழிவு நீர் இந்த ஆற்றில்தான் கலக்கிறது. பெல்லந்தூர் ஏரியின் நுரையையும் நெருப்பையும் கண்டு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017-ல் தாமாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. கெலவரப்பள்ளியில் மதகு திறக்கும்போதெல்லாம் வெள்ளை நுரை மலை போல் எழும் காட்சி பல ஆண்டுகளாக மக்கள் அறிந்ததே. சலவைத் தூள் முதலியவற்றில் உள்ள நுரைக்கும் பொருளும் சாக்கடையோடு வரும் சத்துக்களும் இதற்குக் காரணம். அந்தச் சத்தைத் தின்று பாசி கொழிக்கிறது. பகலில் பாசி பிராண வாயுவை வெளியிடும். இரவில் அதையே மீனோடு போட்டியிட்டு உட்கொள்ளும். ஆகவே விடியற்காலையில்தான் நீரில் பிராண வாயு மிகக் குறைவு. மீன்கள் அப்போது மேலே வந்து வாயைத் திறந்து திணறினால், அது நல்ல வேட்டைக்கான அறிகுறி அன்று, ஆபத்தின் அறிகுறி. செத்து மிதக்கும் மீனை அள்ளி விற்பதோ உண்பதோ கூடவே கூடாது. துறை அலுவலருக்கு உடனே செய்தி சொல்வதே கடமை.

இந்த நீர்தான் வாய்க்கால் வழியாக வயலுக்கும் போகிறது. மீன் திணறும் நீரைப் பற்றிக் கவலைப்பட மீனவருக்கு மட்டும் காரணம் இருப்பதாக விவசாயி எண்ணிவிடக் கூடாது. அணையின் நீர்ப் பரிசோதனை முடிவுகளைத் தமிழில், கரையோர ஊராட்சி அலுவலகங்களில் மாதந்தோறும் ஒட்டும்படி கிராமசபையில் தீர்மானம் போட்டுக் கேட்பது நியாயமான கோரிக்கை. படகு வாங்கக் கடன் கேட்பதற்கு முன் கேட்க வேண்டியது இது.

பலன் கண்ட வழி எது?

அணைமீன் உற்பத்தி பெருகியதற்குத் தமிழ்நாட்டிலேயே நல்ல முன்மாதிரி இருக்கிறது. பொள்ளாச்சிக்கு அருகிலுள்ள ஆழியாறு அணையில், 1980-களில் மத்திய உள்நாட்டு மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் ஆலோசனைப்படி மேலாண்மை மாற்றப்பட்டது. கண்டபடி குஞ்சுகளைக் கொட்டுவதை நிறுத்தினார்கள். 10 சென்டிமீட்டருக்கு மேல் வளர்ந்த பெருங்கெண்டைக் குஞ்சுகளை மட்டும், அளவாக, ஆண்டு முழுவதும் பிரித்து விட்டார்கள். வலைக்கண்ணியின் அளவை முறைப்படுத்தினார்கள். ஒரு கிலோவுக்குக் குறைந்த பெருங்கெண்டைகளைப் பிடிக்கத் தடை விதித்தார்கள். 1990 வாக்கில் ஹெக்டேருக்கு 190 கிலோவுக்கு மேல் மீன் கிடைத்தது. அக்காலத்தில் நாட்டின் சிறு நீர்த்தேக்கங்களின் சராசரி சுமார் 50 கிலோ. வித்தியாசம் படகில் வரவில்லை. குஞ்சின் அளவிலும் வலையின் கண்ணியிலும் வந்தது.

பெரிய குஞ்சு ஏன்? சிறு குஞ்சை விட்டால் வாளைக்கும் விராலுக்கும் இரையாகிவிடும். கண்ணி ஏன்? பெருங்கெண்டைகள் தேங்கிய நீரில் பொதுவாக இனப்பெருக்கம் செய்வதில்லை. 1957-ல் கட்டாக்கில் ஹிராலால் சௌத்ரி ஊசி மூலம் கெண்டை மீன்களைச் சினை விடச் செய்து வெற்றி கண்ட பிறகே குஞ்சு உற்பத்தி பண்ணைக்கு வந்தது. அப்படிச் செலவு செய்து விட்ட குஞ்சை அரைக் கிலோவில் பிடித்துவிடுவது, பால் பிடிக்கும் பருவத்தில் நெற்கதிரை அறுப்பதற்குச் சமம்.

அந்த அணையில் கண்டது போன்ற பலன் இங்கும் வேண்டுமானால், ஆண்டுதோறும் எந்தத் தேதியில், எந்த இனம், எவ்வளவு நீளக் குஞ்சு, எத்தனை விடப்பட்டது என்பதை அணைக்கரையில் பலகையில் எழுதி வைக்க வேண்டும். விதைத்த நெல்லின் அளவு தெரியாமல் மகசூலை எவர் மதிப்பிட முடியும்?

எங்கே தொடங்கலாம்?

மீன் தொழிலில் நாட்டமுள்ள சிறு விவசாயிக்கு மூன்று படிகள் உண்டு.

முதற்படி தம் நிலத்துப் பண்ணைக் குட்டை. பத்து சென்ட் குட்டை ஏறத்தாழ 400 சதுர மீட்டர். ஏழெட்டு மாதம் ஐந்தடி நீர் நிற்குமானால் 200 முதல் 400 வரை வளர்ந்த குஞ்சுகளை விடலாம். கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் கலந்து விட்டால் மேல், நடு, அடி என மூன்று மட்டத்துத் தீனியும் பயன்படும். தவிடும் கடலைப் புண்ணாக்கும் வீட்டிலேயே உண்டு. கிருஷ்ணகிரி அணையை ஒட்டி அரசு மீன் பண்ணை இருக்கிறது. பாரூரில் மீன்வளப் பல்கலைக்கழகத்தின் மையம் இருக்கிறது. குஞ்சும் பயிற்சியும் பேருந்து தூரத்தில் கிடைக்கும்போது படகுக் கடைக்கு ஓட வேண்டியதில்லை. வளர்ப்புக்குத் தடை செய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தியை மட்டும், எவர் எவ்வளவு ஆசை காட்டினாலும் வாங்கக் கூடாது. அது தப்பி அணைக்குப் போனால் மற்ற மீன்களைத் தின்று தீர்க்கும்.

இரண்டாவது படி கிராமத்து ஏரி. தனி ஆளாக ஏலத்தில் நின்று வெளியூர் வியாபாரியோடு போட்டியிடுவது கடினம். பத்துப் பதினைந்து பேர் குழுவாகச் சேர்ந்து முறைப்படி குத்தகைக்கு எடுத்தால் செலவும் பங்கு, காவலும் பங்கு. 2020-ல் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் பொதுப் பிரிவினருக்கு 40 சதவீதமும், பெண்களுக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கும் 60 சதவீதமும் மானியம் வகுக்கப்பட்டது. உழவர் கடன் அட்டை மீன் வளர்ப்போருக்கும் விரிவாக்கப்பட்டுள்ளது. நடப்பு ஆண்டில் எந்த இனத்துக்கு நிதி இருக்கிறது என்பதை மாவட்ட மீன்வளத்துறை அலுவலகத்தில் நேரில் கேட்டறிந்து, அதன் பிறகே செலவில் இறங்க வேண்டும்.

மூன்றாவது படிதான் அணை. அங்கே மீன்பிடி உரிமை யாரிடம் இருக்கிறது, உரிமம் பெற வழி என்ன என்பதைத் துறையில் எழுதிக் கேட்க வேண்டும். உரிமம் கிடைத்தால், அனுபவமுள்ள மீனவரோடு பரிசலில் துணைக்குச் சென்று ஒரு பருவம் பழக வேண்டும். மாலையில் செவுள் வலையை விட்டு விடியலில் எடுப்பதும், காற்றின் திசை பார்ப்பதும், நீருக்குள் மூழ்கிய மரக்கட்டைகள் இருக்கும் இடமும் புத்தகத்தில் வராத பாடங்கள். வெடியும் விஷமும் வைத்து மீன் பிடிப்பது 1897-ஆம் ஆண்டு மீன்வளச் சட்டத்திலேயே குற்றம். மதகுக்கு அருகில் எந்தக் கலமும் போகக் கூடாது. ஆடிக்காற்றில் தனியாக இறங்கக் கூடாது. நீந்தத் தெரிந்தவரும் உயிர்காப்பு அங்கி அணிய வேண்டும்.

அப்படியும் இழு தூண்டிலை முயல விரும்பினால்

ஆர்வத்தைத் தடுப்பதற்கில்லை. உரிமம் உள்ளவர் முயன்று பார்க்கலாம். ஆனால் வாங்கிச் செய்யாமல் இரவல் வாங்கிச் செய்ய வேண்டும். துடுப்புப் படகு போதும், இயந்திரம் வேண்டாம். ஒருவர் துடுப்புப் போட, ஒருவர் கயிற்றைக் கவனிக்க என இருவர் செல்ல வேண்டும். ஒரே கயிறு, இருபது முதல் முப்பது மீட்டர் பின்னால், கரண்டி வடிவத் தகடு அல்லது சிறு கெண்டை இரை. விடிந்த பின் இரண்டு மணி நேரமும் பொழுது சாயும் முன் இரண்டு மணி நேரமும் பழைய ஆற்றுப் பாதையின் விளிம்பை ஒட்டிச் செல்லலாம். பிறர் விட்ட வலையின் தக்கைகளைக் கண்டால் நூறடி விலக வேண்டும். ஒரு முள் சிக்கினால் ஒரு மீனவக் குடும்பத்தின் வலை கிழியும்.

இருபது நாள் இப்படிச் சென்று, ஒவ்வொரு நாளும் எத்தனை மணி நேரம், எத்தனை மீன், என்ன எடை என்று நோட்டில் எழுதி வர வேண்டும். இருபது நாள் மொத்த எடையை இருபதால் வகுத்தால் உண்மை தெரிந்துவிடும். முன்னர்ச் சொன்ன கணக்கில் தம் செலவை இட்டு, நாளுக்கு எத்தனை கிலோ வேண்டும் என்று பார்க்கட்டும். நோட்டில் உள்ள எடை அதைத் தொடாவிட்டால் இரவல் படகைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்கு வரலாம். நகை பெட்டியிலேயே இருக்கும்.

சுற்றுலாவுக்காக இந்த அணைகளில் தூண்டில் படகு விட வேண்டுமென்ற எண்ணம் அரசுக்கு என்றேனும் வருமானால், அதற்கும் ஒரு முறை உண்டு. முதலில் நீர் தூய்மையாக வேண்டும். அடுத்து மீன் இருப்பு பெருக வேண்டும். படகு ஓட்டும் உரிமை, அணைக்காக நிலம் கொடுத்த கரையோரக் கிராமத்தாருக்கும் அங்கே வலை விட்டுப் பிழைக்கும் மீனவருக்கும் முதலில் கிடைக்க வேண்டும். வெளியூர் முதலாளி இயந்திரப் படகோடு வந்து இறங்க, கரையோர இளைஞர் அவரிடம் கூலிக்கு நிற்பது, ஒப்பந்த வேலையிலிருந்து இன்னொரு ஒப்பந்த வேலைக்குப் போவதே ஆகும்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும் என்பார்கள். அணையில் போடுவதற்கு அது இன்னும் பொருந்தும். குட்டையில் முதல் இருநூறு குஞ்சுகளை விட்டு, எட்டாம் மாதம் எடை போட்டுப் பார்த்த விவசாயி, அணையில் என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்பதைத் தாமே தீர்மானிக்கும் தகுதியைப் பெற்றுவிடுவார். வரும் மழைக்கு முன் குட்டையைத் தூர் எடுத்துக் கரையைப் பலப்படுத்துவதே அதற்கான முதல் வேலை.